என் வருமானத்துக்குத் தேதி தெரியாது

கடன் தரும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஐந்து பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஐவரும் என்னை ஐந்து கணக்கு எண்களாக அறிவீர்கள். நான் உங்களைத் தேதிகளாக அறிவேன். ஒருவர் 3ஆம் தேதி, இருவர் 5ஆம் தேதி, ஒருவர் 10, கடைசி ஆள் 18. ஊரெல்லாம் மாதம் பிறக்கக் காத்திருக்கும்போது நான் 18ஆம் தேதி கழியக் காத்திருப்பேன். அன்று இரவு ஒருமுறை முழுதாகத் தூங்குவேன்.

கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கேட்டு வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன், செலவழித்தேன். அசலுக்கும் நியாயமான வட்டிக்கும் நான் பொறுப்பு. உங்களுக்கும் எனக்கும் உள்ள வழக்கு தொகையைப் பற்றியது அன்று, தேதியைப் பற்றியது.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வேலை வந்தால் இரவு பகல் தெரியாது. வராத நாட்களில் கைப்பேசி கெட்டுவிட்டதோ என்று அணைத்துப் போட்டுப் பார்ப்பேன். வேலை முடிந்தாலும் கூலி உடனே வந்துவிடாது. 'அடுத்த வாரம்' என்பார்கள். எந்த வாரத்துக்கு அடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். சென்ற 12 மாத வரவை நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், நல்ல மாதத்தின் வரவு மோசமான மாதத்தின் வரவைப்போல் ஏழு மடங்கு. மொத்தத்தைக் கூட்டி 12ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் மோசமில்லை. உங்கள் ஐவரின் மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் மட்டுமட்டாகப் போதும். ஆண்டுக்கணக்கில் நான் கடனைக் கட்டக்கூடியவன்தான். மாதக்கணக்கில் பார்த்தால் வாக்குத் தவறுகிறவன். அதே ஆள், அதே பணம்.

ஒரு காலைப் பொழுதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அன்று 5ஆம் தேதி. காலை 6.10க்கு ஒரு குறுஞ்செய்தி: 'கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் தங்கள் தவணை திரும்பியது.' 11.40க்கு இன்னொன்று. மூன்று மாதமாக இழுத்தடிக்கப்பட்ட கூலி வந்து சேர்ந்திருந்தது. தவணையைப் போல் நான்கு மடங்கு தொகை. இடையில் ஐந்தரை மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரத்துக்காகக் கடன் தந்தவர் ஓர் அபராதம் போட்டார். தவணை திரும்பியதற்காக என் வங்கி தனியாக ஒரு கட்டணம் எடுத்தது. கடன் மதிப்பெண் சரிந்தது. பணம் வந்ததும் முதல் வேலையாக உங்கள் சேவை எண்ணை அழைத்து, 'இப்போதே கட்டிவிடுகிறேன்' என்றேன். மறுமுனையில் இருந்த பெண் பணிவாகப் பேசினார். 'திரும்பிய தவணை கணினியில் ஏற 48 மணி நேரம் ஆகும் சார், அதற்குப் பிறகுதான் கட்ட முடியும்' என்றார். பணம் கையில் இருக்கிறது, கட்டத் தயார், வாங்கிக்கொள்ள உங்களிடம் வழியில்லை. அந்த 48 மணி நேரத்துக்கும் தாமத வட்டி மட்டும் தவறாமல் ஓடியது. கடைசியில் அந்தப் பெண், 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்றார். திரையில் எழுதியிருப்பதைப் படிக்கிறார் என்று தெரிந்ததால் கோபப்படவில்லை. அவருக்கும் எங்கோ ஒரு தவணை இருக்கும்.

இதில் என் நெஞ்சை அறுப்பது அபராதத் தொகை இல்லை. எனக்கு வரவேண்டிய பணம் மூன்று மாதம் தாமதமானதற்கு யாரும் எனக்கு ஒரு காசு வட்டி தரவில்லை. நான் தரவேண்டியது ஐந்தரை மணி நேரம் தாமதமானதற்கு மூன்று இடத்தில் தண்டம். பண்டமாற்றுச் சந்தையில்கூடத் தராசு இவ்வளவு ஒரு பக்கம் சாய்ந்திருக்காது.

'விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்' என்று அறிவுரை சொல்வீர்கள். சொல்லாத உறவினர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விரல் மாதாமாதம் அளவு மாறுகிறது. நீங்கள் செய்து மாட்டிய மோதிரம் மட்டும் ஒரே அளவு.

இந்த மோதிரம் யாருக்காகச் செய்யப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். மாதம் ஒருமுறை ஒரே நாளில் ஒரே தொகை வாங்குகிற சம்பளக்காரருக்காக. அவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். தினக்கூலிக்காரர், வண்டி ஓட்டுகிறவர், தையல் வேலை செய்கிறவர், மேடைக்கு மேடை வாசிக்கிற கலைஞர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேலை தேடுகிற பொறியாளர் என்று எங்கள் கூட்டத்துக்கும் அதையே மாட்டிவிட்டீர்கள். கடன் தரும்போது எங்கள் வருமானம் நிலையற்றது என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். அதற்காகத்தானே வட்டியைக் கூட்டி வைத்தீர்கள். நிலையற்ற வருமானத்துக்கான விலையை வட்டியில் வாங்கிக்கொண்டு, நிலையான வருமானத்துக்கான தேதியைக் கையில் கொடுத்தீர்கள். ஆபத்துக்கான கூலி உங்களுக்கு, ஆபத்து எனக்கு.

இப்படி ஒரு வித்தியாசத்தைக் கடன் தருகிறவன் கவனிக்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. பாபிலோனின் ஹம்முராபி ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் கருங்கல்லில் வெட்டி வைத்தான். அந்தக் கல் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் 48ஆவது விதி சொல்வது இது: கடன்பட்டவனின் வயலைப் புயலோ வெள்ளமோ அழித்தாலும், தண்ணீரில்லாமல் பயிர் விளையாமல் போனாலும், அந்த ஆண்டு அவன் தானியம் திருப்பித் தர வேண்டியதில்லை, ஒப்பந்தம் எழுதிய களிமண் பலகையை நனைத்துக்கொள்ளலாம், அந்த ஆண்டுக்கு வட்டியும் கிடையாது. ஈரமான களிமண்ணில் எழுத்தை மாற்றலாம் அல்லவா, அதைத்தான் 'நனைத்தல்' என்கிறான். ஹம்முராபியை இரக்கமே உருவானவன் என்று எண்ணிவிட வேண்டாம். கடனுக்காக மனைவி மக்களை மூன்று ஆண்டு அடுத்தவன் வீட்டில் வேலைக்கு விடலாம் என்றும் அதே கல்லில் எழுதியிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கே விளையாத ஆண்டில் வசூலிக்க முடியாது என்று புரிந்திருந்தது. உங்கள் மென்பொருளில் நனைக்கிற வசதி இல்லை.

பழங்கதை வேண்டாம் என்றால் இந்தக் காலத்துக்கே வருகிறேன். ஆஸ்திரேலியா 1989இல் உயர்கல்விக் கடனுக்கு ஒரு முறை கொண்டுவந்தது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிச் செலுத்த வேண்டும். அதுவும் வருமானத்துக்கேற்ற வீதத்தில், வரியோடு சேர்த்து. வேலை போனால் தவணை தானாக நின்றுவிடும். யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து ஒரு திட்டம் நடப்பில் இருக்கிறது. கடனில் மூழ்கியவர் கடன் ஆலோசகர் ஒருவர் மூலம் விண்ணப்பித்துத் தகுதி பெற்றால், பெரும்பாலான கடன்களுக்கு 60 நாள் வட்டியும் கட்டணமும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தி வைக்கப்படும். கடன் அப்படியே இருக்கும். யோசிக்க 60 நாள் கிடைக்கும். அதற்கு 'மூச்சு விடும் இடைவெளி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் கடன்பட்டிருக்க வேண்டும்.

'தளர்த்தினால் ஏமாற்றுவார்கள்' என்பீர்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. கொல்கத்தாவில் சிறுகடன் வாங்கிய பெண்களிடையே நடந்த இரண்டு ஆய்வுகளைப் படித்தேன். ஒன்றில் சிலருக்கு வாரத் தவணை, சிலருக்கு மாதத் தவணை. மாதத் தவணைக்காரர்களிடையே கடனைப் பற்றிய கவலையும் பதற்றமும் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது என்று 2012இல் எழுதினார்கள். 2013இல் வந்த மற்றொன்றில் முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். தொழிலில் போட்ட முதலும் கிடைத்த லாபமும் கூடின. கட்டாமல் விட்டவர்களின் எண்ணிக்கையும் கூடியது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறைத்துவிட்டு உங்களிடம் வாதாடலாம், செய்ய மாட்டேன். அவகாசத்துக்கு ஒரு விலை உண்டு. ஆனால் இப்போதைய முறைக்கும் ஒரு விலை உண்டு. அதை நீங்கள் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான். நான் எழுதுகிறேன்.

முதல் கடன் வீட்டில் ஒருவருக்கு வந்த நோய்க்காக வாங்கியது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. இரண்டாவது, முதல் கடனின் இரண்டு தவணைகளைக் கட்ட. மூன்றாவது கிரெடிட் கார்டு. அது கடன் என்றே எனக்கு உறைக்கவில்லை. நான்காவது, அந்த கார்டை அடைக்க. ஐந்தாவது கைப்பேசியில் நான்கு நிமிடத்தில் கிடைத்தது. நான்கு நிமிடம்! எனக்கு ஒரு பக்கத்தை ஒழுங்காக அமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். ஐந்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், முதலாவதைத் தவிர மற்ற எல்லாமே ஒரு தேதிக்காக வாங்கியவை. பொருளுக்காக வாங்கியது ஒன்றுகூட இல்லை. கையில் பணம் வரும் நாளுக்கும் நீங்கள் எடுக்கும் நாளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பவே அத்தனையும். பள்ளத்தை நிரப்ப மண் எடுத்த இடத்தில் இன்னொரு பள்ளம்.

அந்த கார்டு விவகாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நிலுவை 1,00,000. வட்டி மாதத்துக்கு 3 விழுக்காடு. அச்சில் 3 என்ற எண் எவ்வளவு சாதுவாகத் தெரிகிறது! வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது ஆண்டுக்கு 42.6. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் கடன் இரட்டிக்கும் காலம் தெரிந்துவிடும் என்று 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது. 72ஐ 3ஆல் வகுத்தால் 24 மாதம். நான் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். மாதாமாதம் நிலுவையில் 5 விழுக்காடு. புதிதாக ஒரு காசு செலவழிக்கவில்லை. நிலுவை பாதியாகக் குறைய 32 மாதம் ஆகும். அதற்குள் நான் கட்டியிருப்பது சுமார் 1,20,000. அதாவது வாங்கிய முழுத் தொகைக்கும் மேலே கட்டிவிட்டு, அதில் பாதி இன்னும் பாக்கி. இதை நீங்கள் மறைத்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்கு அறிக்கையில் எங்கோ இருக்கும். நான் வடிவமைக்கிற புத்தகங்களில் அடிக்குறிப்புக்குக்கூட அவ்வளவு சிறிய எழுத்தைப் போட மாட்டேன். ஆனால் 'குறைந்தபட்சத் தொகை செலுத்தப்பட்டது, நன்றி' என்ற வரி மட்டும் பச்சை நிறத்தில் பெரிதாக வரும். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன் என்ற நிம்மதியோடு நான் மூழ்கிக்கொண்டிருந்தேன்.

'இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்கலாமே' என்றால், ஆம், போட்டிருக்கலாம். பெருக்கல் வகுத்தல் தெரியாதவன் இல்லை நான். ஆனால் கடன் கழுத்தில் இருக்கும்போது மூளை எங்கே இருக்கிறது? ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரைப் பற்றியது. கரும்புக்காரருக்கு வெட்டு முடிந்தால்தான் கையில் காசு. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் முடை. அதே விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிச் சோதனைகள் வைத்தார்கள். முடையாக இருந்தபோது யோசிக்கும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆள் மாறவில்லை, கையிருப்புதான் மாறியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும். அரை மணி நேரம் சன்னலருகே நின்றேன் என்பது உண்மை. ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் செய்த முட்டாள்தனங்கள் அத்தனையும் என் குணக்கேடு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டது, கைப்பேசியை எப்போதும் குப்புறக் கவிழ்த்து வைத்தது, மகளிடம் 'அப்பா குளிக்கிறார் என்று சொல்லு' என்றது. ஒருநாள் நான் கேட்காமலேயே அவள் அதைச் சொன்னாள். எனக்கு அப்போது எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்திருந்தார்.

அன்று இரவுதான் இழுப்பறையைத் திறந்தேன். பதினேழு உறைகள். எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பி, நோட்டில் ஐந்து வரி எழுதினேன்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. கூட்டுத்தொகை நான் பயந்ததைவிடக் குறைவு. பிரிக்காத உறைக்குள் கடன் உண்மையைவிட வேகமாக வளர்கிறது போலும்.

இப்போது நான் தவணையை மனத்தில் தொகையாக வைத்துக்கொள்வதில்லை, பங்காக வைத்துக்கொள்கிறேன். எந்தக் கூலி எந்த நாளில் வந்தாலும் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன்; அது உங்களுடையது, நான் தொடுவதில்லை. வீட்டுச் செலவை ஆண்டின் மோசமான மாதங்களின் வரவை வைத்து வகுத்திருக்கிறேன், நல்ல மாதத்தின் வரவை வைத்தன்று. மிகுந்ததெல்லாம் வட்டி மிகக் கூடுதலான கடனுக்குப் போகிறது. சிறிய கடனை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. அந்த நான்கு நிமிடக் கடனை அப்படித்தான் முதலில் முடிக்கப் போகிறேன், தெம்புக்காக இல்லை, வஞ்சத்துக்காக. ஆறாவது கடன் இல்லை என்பது மட்டும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. இப்படியாக என் பக்கத்தில் செய்ய முடிந்ததைச் செய்து வருகிறேன். மேற்கொண்டு நகர உங்கள் பக்கத்தில் சில பூட்டுகளைத் திறக்க வேண்டும்.

பெரிய பூட்டு தேதி. நிலையற்ற வருமானக்காரருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகையை வையுங்கள், அதை மாதங்களில் எப்படிப் பிரிப்பது என்பதை அவர் வரவு தீர்மானிக்கட்டும். மாதம் ஒரு சிறிய தொகையாவது கட்டியே தீர வேண்டும் என்று அடித்தளம் போட்டுக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். என் வங்கிக் கணக்கு அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும் ஒப்புக்கொள்கிறேன். கடன் தரும்போது ஆறு மாத அறிக்கையை வாங்கிப் பார்த்தீர்களே, வசூலிக்கும்போது மட்டும் ஏன் பார்க்க மறுக்கிறீர்கள்?

அடுத்தது, நான் கட்டுகிற பணம் உங்கள் கணக்கில் போய் உட்காரும் வரிசை. முதலில் அபராதம், பிறகு வட்டி, மிச்சமிருந்தால் அசல். பாதித் தவணை கட்டினால் அசல் அசையவே அசையாது. சென்ற ஆண்டு ஒரு கடனுக்கு நான்கு முறை பாதிப் பாதியாகக் கட்டினேன். அசல் ஒரு காசு குறையவில்லை. முடிந்ததைக் கட்டுகிறவனையும் ஒன்றுமே கட்டாதவனையும் ஒரே இடத்தில் நிறுத்துகிற முறை, அடுத்த முறை கட்டாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். குறைந்தபட்சம் அபராதத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தேதிக்கு முன்பே அழைத்து 'இந்த முறை பத்து நாள் தள்ளிப் போகும்' என்று சொல்கிறவனுக்குப் பதில் சொல்ல, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரை உட்கார வையுங்கள். நான் அப்படி முன்கூட்டியே அழைத்தபோது கிடைத்த பதில், 'இன்னும் தவணை தவறவில்லையே சார், தவறிய பிறகு அழையுங்கள்' என்பது. தவறிய பிறகு நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் அழைத்தீர்கள், ஒரே நாளில் பதினான்கு முறை. என் அண்ணனையும் அழைத்தீர்கள். கடன் விண்ணப்பத்தில் அவர் எண்ணைத் தொடர்புக்காகத்தான் எழுதினேன், ஜாமீனுக்காக இல்லை. அண்ணன் என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதற்கு எந்த வீதத்தில் வட்டி போடுவீர்கள்?

அடுத்த மாதம் எனக்கு இரண்டு புத்தகங்களுக்கான கூலி வரவேண்டியிருக்கிறது. ஒன்று நானூறு பக்க வரலாற்று நூல், வேலை முடித்துக் கொடுத்தாகிவிட்டது. மற்றொன்றின் மெய்ப்பு இன்று இரவு அனுப்புகிறேன். பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கு உங்கள் ஐவருக்கும் வந்து சேரும். எந்தத் தேதியில் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் 'அடுத்த வாரம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஐந்து கணக்கு எண்களுக்குச் சொந்தக்காரன்